உகாண்டாவில் கொரில்லா, சிம்பன்சி பார்க்கப் போன ஒன்பது நாள்: ஹட்டனிலிருந்து ஒரு விமர்சனம்

போய் வந்ததிலிருந்து ஆட்கள் போன் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், எவ்வளவு முடிந்தது, யார் மூலம் போனீர்கள், பயமில்லையா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். நான், மனைவி, அண்ணன் என்று மூன்று பேர், போன ஆகஸ்ட் லீவில் போனோம். பார்த்தது மூன்று தேசியப் பூங்காக்கள்: கிபாலே, குவீன் எலிசபெத், புவிண்டி. கூட்டிக்கொண்டு போனது கம்பாலாவில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனி, மூன்று வான், நாலு சாரதி, அவ்வளவுதான். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பெயரை இங்கே போட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், தேவையானவர்கள் கேளுங்கள், சொல்கிறேன்.

ஆனால் முதலில் நாங்கள் காசு கட்டியது இவர்களிடம் இல்லை. இலங்கையிலேயே உள்ள ஒரு முகவரிடம் முற்பணம் கொடுத்து, "பெர்மிட் எல்லாம் ஓகே சேர், நீங்க டிக்கெட்டைப் போடுங்க" என்ற பேச்சை நம்பி இரண்டு மாதம் இருந்தோம். கொரில்லா பார்க்கும் அனுமதிச் சீட்டைத்தான் பெர்மிட் என்பது, அதன் பிரதியை அனுப்புங்கள் என்று கேட்டால் ஹோட்டல் படம் வரும். இன்னொரு தடவை கேட்டால் சிங்கத்தின் வீடியோ வரும். கடைசியில் அண்ணன் ஒருநாள் இரவு உட்கார்ந்து அவர்கள் அனுப்பிய திட்டத்தை வரி வரியாகப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதுல கொரில்லா பார்க்கிறது ருஷாகாவில, படுக்கிறது புஹோமாவில. ரெண்டும் எங்க இருக்குன்னு பார்த்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. புவிண்டி ஒரே காடுதான், 331 சதுர கிலோமீற்றர், ஆனால் உள்ளே போக நாலு பக்கம் உண்டு: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ. எந்தப் பக்கத்துக்குப் பெர்மிட் எடுத்தோமோ அந்தப் பக்கத்து கொரில்லாக் குடும்பத்தைத்தான் பார்க்கலாம். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும், பாதை மலையைச் சுற்றிப் போவதால் புஹோமாவிலிருந்து ருஷாகாவுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும், காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே வரிசையில் நிற்கவும் வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், நல்லதண்ணிப் பக்கத்தால் சிவனொளிபாதமலை ஏறப் போகிறவனுக்கு இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையில் ரூம் போட்டுக் கொடுத்த மாதிரி. மலை ஒன்றுதான், ஆனால் விடியும்போது ஆள் மற்றப் பக்கத்தில் இருப்பான். இதைக் கேட்டதும் முகவர் "மாத்திடலாம்" என்றார். பெர்மிட் இலக்கத்தைக் கேட்டோம், கடைசி வரை வரவில்லை. முற்பணத்தில் பாதிதான் திரும்பிக் கிடைத்தது. அந்த வலி இன்னும் இருக்கிறது, அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

உகாண்டாவில் ஒரு கொரில்லாப் பெர்மிட் வெளிநாட்டவருக்கு 800 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 2,40,000 ரூபா, அதுவும் கொரில்லாவோடு இருக்கும் ஒரே ஒரு மணித்தியாலத்துக்கு. சிம்பன்சிக்கு 250 டொலர். பக்கத்து ருவாண்டாவில் கொரில்லாவுக்கு மட்டும் 1,500 டொலர், அதனால்தான் நாங்கள் உகாண்டா என்று முடிவெடுத்தோம். ஒரு குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள். ஆகஸ்ட் மாதிரி வெயில் காலத்தில் இடம் மாதக்கணக்கில் முன்னாலேயே முடிந்துவிடும். ஆகவே லொட்ஜ், வான், விமான டிக்கெட் எல்லாம் பெர்மிட் கிடைத்த திகதியைச் சுற்றித்தான் அமைய வேண்டும், மாற்றிச் செய்தால் எங்களை மாதிரி மாட்டிக்கொள்வீர்கள்.

கம்பாலாக் கம்பெனிக்கு நான் நாலு கொடுப்பதற்குப் பெரிய காரணமே இதுதான். நாங்கள் மின்னஞ்சல் போட்ட மறுநாளே எந்தெந்தத் திகதியில் எந்தப் பக்கத்தில் மூன்று இடம் காலியாக இருக்கிறது என்று எழுதினார்கள். பெர்மிட் காசை மட்டும் முதலில் கேட்டார்கள், வேறு எதற்கும் கேட்கவில்லை. நாலாம் நாள் உகாண்டா வனவிலங்கு அதிகாரசபையின் பெர்மிட்டுகளைப் படம் பிடித்து அனுப்பினார்கள், எங்கள் பெயர், பாஸ்போட் இலக்கம், திகதி, ருஷாகா என்று தெளிவாக இருந்தது. ஒரு விஷயத்தில் அவர்களே இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்தினார்கள்: பெயர். நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே, அப்பா பெயர் முன்னால், நம் பெயர் பின்னால், வெளியில் இனிஷியல் மட்டும். பாஸ்போட்டில் உள்ள முழுப் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள், இனிஷியல் போடாதீர்கள். அங்கே காலையில் பெர்மிட்டையும் பாஸ்போட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

பெர்மிட் தவிர்த்து வான், சாரதி, எரிபொருள், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 1,480 டொலர் ஆனது. விசா ஒன்லைனில், 50 டொலர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள், திரும்பி வரும்போது கட்டுநாயக்கவிலும் அது தேவை. ஊசி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போட்டோம், போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் அட்டை செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், நாரஹேன்பிட்டியில் மலேரியா தடை இயக்கத்தில் இலவசமாகத் தருகிறார்கள். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கியது, அதை நாம் திருப்பிக் கொண்டுவந்துவிடக் கூடாது. மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் முடியுங்கள், வந்த பிறகு காய்ச்சல் வந்தால் உடனே போய் இரத்தத்தைப் பாருங்கள்.

சரி, காடு.

முதலில் கிபாலே. ஃபோர்ட் போர்ட்டல் என்ற ஊரைத் தாண்டியதும் வானில் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். இரண்டு பக்கமும் தேயிலை. வெட்டிச் சமப்படுத்திய மட்டம், நடுவில் சிவப்பு மண் பாதை, தூரத்தில் பக்டரியின் தகரக் கூரை. மனைவி வானை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு செடியைத் தொட்டு இரண்டு இலையும் மொட்டும் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "கொழுந்து முத்திப் போயிருச்சு, ரவுண்டு தள்ளிப் போட்டிருக்காங்க." அவளுடைய அம்மா பொகவந்தலாவைப் பக்கம் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். சாரதி அவள் சொன்னது என்ன என்று கேட்டு, நான் சொன்னதும் சிரித்துக்கொண்டு, தன் தாயும் தேயிலைக்குப் போனவர்தான் என்றார். அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுக்க அவர் எங்களுக்குச் சாரதியாகத் தெரியவில்லை, சொந்தக்காரர் மாதிரித்தான்.

கிபாலேயில் 13 வகைக் குரங்கினங்கள் உண்டு. நிறையப் பேர் கொரில்லாவுக்காகப் போகிறோம், சிம்பன்சி கூடச் சேர்த்துப் பார்க்கிற ஒன்று என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். நடை தொடங்கும் கன்யாஞ்சு என்ற இடத்திலிருந்து துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சர் முன்னால் நடந்தார் (காட்டு யானை உண்டு, அதற்காக). ஒரு மணித்தியாலம் ஒன்றுமே இல்லை. அப்புறம் எங்கேயோ ஒரு கூச்சல், அதற்குப் பதில் இன்னொரு பக்கத்திலிருந்து, தொடர்ந்து மரத்தின் பலகை வேரில் காலால் அடிக்கிற தம் தம் சத்தம், காடு முழுக்கத் தப்பு அடிக்கிற மாதிரி. நெஞ்சுக்குள் கேட்டது.

கீழே விழுந்த மரத்தில் ஒரு ஆண் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தது. வாய் நிறையப் பழத்தை அடக்கி, கீழ் உதட்டை ஒரு அகப்பை மாதிரி முன்னால் நீட்டி, சக்கையை அழுத்திச் சாறை உறிஞ்சி, கண்ணைக் கீழே இறக்கி உதட்டில் இருந்த சக்கையைத் தானே பார்த்து, திருப்தி வராமல் மறுபடியும் உள்ளே இழுத்து மென்றது. வெற்றிலை போடும் கிழவி மாதிரியே. அப்போதுதான் அதன் வலது கையைக் கவனித்தோம். மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் மடங்கிச் சூம்பிப் போயிருந்தன. சுருக்குக் கம்பி என்றார் ரேஞ்சர். சிம்பன்சிக்காக வைப்பதில்லை, சின்ன மானுக்கும் காட்டுப் பன்றிக்கும் வைப்பது, இவை மாட்டிக்கொள்கின்றன.

இதை நம்ம தோட்டத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 மே மாதம் லக்ஷபான தோட்டத்தில் பன்றிக்கு வைத்த கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. கிபாலேயில் அந்தக் கம்பிகளைத் தேடி எடுப்பதையே வேலையாகச் செய்கிற ஆட்கள் தினமும் காட்டைச் சுற்றுகிறார்கள். நாங்கள் கட்டிய 250 டொலரில் ஒரு பகுதி அந்த மாதிரி வேலைக்குப் போகிறது என்றால் எனக்குச் சம்மதம்.

பின்னேரம் பக்கத்தில் பிகோடி சதுப்பு நிலத்தில் நடக்கலாம், ஊர் மக்களே நடத்துவது, செம்பழுப்புத் தலையோடு கொலபஸ் குரங்குகள் தலைக்கு மேலேயே தாவும். போங்கள். குவீன் எலிசபெத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தது, கசிங்கா கால்வாயில் படகில் நீர்யானைகளுக்கு மிகப் பக்கத்தில் போனோம், யால மாதிரி ஜீப்புக்குப் பின் ஜீப் நெருக்கவில்லை. அதே பூங்காவின் இஷாஷாப் பகுதியில் மரமேறும் சிங்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

புவிண்டிக்குப் போகும் நாள்தான் கம்பெனியின் மேல் எனக்குள்ள முதல் குறை. ஐந்து மணித்தியாலம் என்று எழுதியிருந்தார்கள், எட்டு ஆனது. மழையில் வானின் தூக்குக் கூரையால் தண்ணீர் ஒழுகி அண்ணனின் பேக் நனைந்தது. மத்தியானப் பொதி எல்லா நாளும் அதேதான்: ஆறிய சப்பாத்தி, அவித்த முட்டை, வாழைப்பழம். வழியில் கடையில் சுடச்சுட முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டித் தருகிறார்கள், ரொலெக்ஸ் என்று பெயர், அதைச் சாப்பிட்டிருந்தால் வயிறும் நிறைந்திருக்கும் காசும் மிச்சம். இன்னொன்று, பழைய டொலர் நோட்டு அங்கே எடுபடாது என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை. 2003 என்று அச்சடித்த இரண்டு நூறு டொலர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வங்கியில் வாங்கும்போதே புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். இதுக்கெல்லாம் சேர்த்துத்தான் ஒரு புள்ளி குறைத்தேன்.

ருஷாகாவில் காலையில் குளிர் நுவரெலியா மாதிரி. ஹட்டனில் ஆகஸ்ட் என்றால் விடாத மழை, அங்கே அது காய்ந்த காலம், இருந்தாலும் காடு நனைந்தே இருந்தது. தடம் தேடும் ட்ராக்கர்கள் விடியும் முன்பே போய், முதல் நாள் இரவு கொரில்லாக்கள் படுத்த கூடுகளிலிருந்து தடம் பிடித்துப் போய் வயர்லெஸ்ஸில் வழி சொல்கிறார்கள். தடிமல், இருமல் இருந்தால் நம்மை விடமாட்டார்கள், நம்முடைய சாதாரணத் தடிமலே அவற்றைக் கொன்றுவிடும். முகக்கவசம் கட்டாயம். இரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சிக்குப் போடுகிற நீளச் சொக்ஸை எடுத்துப் போனோம், அங்கே அட்டைப்பூச்சி காணவில்லை, ஆனால் படை படையாகப் போகிற எறும்புக்கு அதே சொக்ஸ் உதவியது. செந்தட்டி மாதிரிச் சுணைக்கும் செடி நிறைய, கையுறை வேண்டும்.

போர்ட்டர் ஒருவரைக் கட்டாயம் எடுங்கள், எங்களுக்கு ஆளுக்கு 20 டொலர், நேரே அவர்கள் கையில் கொடுப்பது. மலையில் பிறந்த எங்களுக்கு எதற்கு என்று நானும் நினைத்தேன். அங்கே படி இல்லை, பாதையே இல்லை, கொடியின் மேல் கால் வைக்கிறோம், கீழே மண் இருக்கிறதா என்று தெரியாது. இரண்டரை மணித்தியாலம் ஏறி இறங்கியதில் மனைவியை இழுத்து மேலே விட்டது அந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் கைதான்.

பிறகு பேக்கையும் தடியையும் வைக்கச் சொன்னார்கள். முதலில் வாசனை, வேர்வை மாதிரி, கனமாக. அப்புறம் தண்டு முறிகிற சத்தம். ரேஞ்சர் தொண்டையைச் செருமுகிற மாதிரி இரண்டு தடவை உறுமினார், உள்ளேயிருந்து அதே மாதிரிப் பதில் வந்தது. செடியை ஒதுக்கினால் வெள்ளி முதுகு, குடும்பத்தின் தலைவனான பெரிய ஆண். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கொடியை இழுத்து, பல்லால் பட்டையை உரித்து, உள்ளே இருந்த வெள்ளைத் தண்டை மட்டும் அவ்வளவு நிதானமாகத் தின்றது. குட்டி ஒன்று அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விழுந்தது, மறுபடி ஏறியது. அண்ணன் கமராவைக் கீழே இறக்கிவிட்டார், கண் கலங்கியிருந்தது. உலகத்தில் மலைக் கொரில்லா மொத்தமே கடைசிக் கணக்கெடுப்புகளின்படி 1,063. அந்த மணித்தியாலத்தில் பதினொன்றைப் பார்த்தோம்.

ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன். புவிண்டி தேசியப் பூங்காவானது 1991இல். அதற்கு முன் அந்தக் காட்டையே வீடாகக் கொண்டிருந்த பத்வா மக்களை வெளியேற்றினார்கள், அவர்களுக்கு என்று காணி கொடுக்கவில்லை. இப்போது பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 வீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது, நல்லதுதான், ஆனால் காணி இல்லாமல் இன்னொருவர் நிலத்தில் வாழ்வது என்றால் என்னவென்று தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். போகிறவர்கள் அவர்களுடைய ஊருக்கும் போங்கள், அவர்கள் செய்த கூடையை அவர்களிடமே வாங்குங்கள்.

திரும்பி வந்து படங்களைக் காட்டியபோது அம்மா தானும் வருவேன் என்றார். 67 வயது, ஒரு முழங்கால் சரியில்லை. புவிண்டியில் நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்து ஊர் இளைஞர்கள் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போகிறார்கள், நானே ஒரு வயதான அம்மையாரை அப்படிப் பார்த்தேன். கம்பாலாவுக்கு எழுதிக் கேட்டேன், அடுத்த ஆகஸ்ட், இரண்டு பேர், ஒருவருக்கு நாற்காலி. மறுநாள் பதில் வந்தது. விலை எதுவும் இல்லை, ருஷாகாவில் இரண்டு இடம் காலியாக இருக்கும் நாலு திகதிகள் மட்டும்.