வெண்பாக் கேட்ட உரையாடு செயலி: ஒரு மாதப் பயன்பாட்டு மதிப்புரை

ஒரு மாதமாக நான் பயன்படுத்திவரும் செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலியிடம், குறள் வெண்பாவின் ஈற்றுச்சீர், அதாவது கடைசிச் சீர், எப்படி அமைய வேண்டும் என்று கேட்டபோது, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளையும் (சீரின் அசையமைப்பைக் காட்டும் மாதிரிச் சொற்களையும்) அது பிழையின்றிச் சொன்னது. மழையைப் பற்றி ஒரு குறள் எழுதச் சொன்னேன். ‘வாழ்கின்றது’ என்று முடித்தது. வாழ்/கின்/றது என்று அலகிட்டால், அதாவது அசைகளாகப் பிரித்தால், நேர் நேர் நிரை; இது தேமாங்கனி என்னும் மூவசைக் கனிச்சீர். வெண்பாவில் கனிச்சீருக்கு எங்குமே இடமில்லை. பிழையைச் சுட்டியதும் மன்னிப்புக் கேட்டு, ‘வாழ்த்து’ என்று மாற்றியது. ஈறு ‘காசு’ வாய்பாட்டில் அமைந்தது. ஆனால் பொருள் கெட்டது.

இதை வெறும் மனப்பாடம் என்றும் நான் ஒதுக்கமாட்டேன். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்னும் செயற்கை நரம்பு வலைக் கட்டமைப்பின் வழிவந்த இத்தகைய மொழி மாதிரிகள், சேமித்த பக்கங்களைப் புரட்டிச் சுருக்குவதில்லை. எழுத்துத் துணுக்குகளில் அடுத்தது எது என்று கணித்தபடியே வாக்கியத்தை வளர்க்கின்றன. அத்துணுக்குகள் அசைகளோடு பொருந்தாமையே இத்தடுமாற்றத்துக்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன். உரைநடையைச் சுருக்கவும் கடிதம் வரையவும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். யாப்புக் கற்கும் மாணவர் இதன் விளக்கத்தைப் படிக்கலாம், இதன் வெண்பாவைத் தாமே அலகிட்டுப் பார்க்காமல் ஏற்கக் கூடாது.