கடற்கரையா, மஞ்சப்பையா, கேன்டீனா?

எங்கள் அலுவலகத்தில் தன்னார்வத் தொண்டுக்கென்று ஆளுக்கு வருடத்தில் இரண்டு நாள் தருகிறார்கள். பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்கும் வேலைக்குத்தான் அந்த நாட்கள் என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளான சகபணியாளர்களும் கூடவே நின்று செய்யும் வேலையாக அது இருக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் கேட்டோம், அதுவும் ஏற்கப்பட்டது. இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை பொறுக்குவது, மஞ்சப்பை வாங்கிச் சந்தையில் கொடுப்பது, எங்கள் கேன்டீன் குப்பையை எடைபோட்டுப் பிரித்துக் குறைப்பது. மூன்றிலும் நான் இறங்கி வேலை செய்திருக்கிறேன். என் ஓட்டு கேன்டீனுக்கு.

கடற்கரையில் தொடங்குகிறேன். ஆள் சேர்ப்பது அங்கேதான் சுலபம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாளன்று, விடியற்காலையில் வரச்சொன்னால் குடும்பத்தோடு வருகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மணல் அது. அறுந்த வலைத்துண்டு ஒன்றை அங்கிருந்து அகற்றினாலும் அது நல்ல காரியம்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. சக்கர நாற்காலியில் வேலைக்கு வரும் தோழி ஒருவர் எல்லோருக்கும் முன்பாக ஆறு மணிக்கே வந்து நின்றார். மணலில் இறங்கியதும் முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. இரண்டு பேர் தூக்கித் திரும்ப நடைபாதையில் வைத்தோம். பெயர் பதியும் மேசையில் உட்காரச் சொன்னோம், குழுப் படத்தில் முன்வரிசையில் நிறுத்தினோம். காது கேளாத இன்னொரு நண்பருக்கு ஒலிபெருக்கியில் சொன்ன பாதுகாப்பு விதிகள் எதுவுமே போய்ச் சேரவில்லை. கண்ணாடிச் சில்லையும் ஊசியையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள் என்பதும் அந்த விதிகளில் ஒன்று. திரும்பும் வழியில் அந்தத் தோழி சொன்னார்: “ஒரு கவரைக்கூட நான் தொடலையேப்பா.”

பாதை இருந்தால் மணல் தடையில்லை. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது, பிறகு சீர்செய்தார்கள். கடலருகே போக ஆசைப்பட்டவர்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்பது அந்தப் பாதை திறந்த நாட்களில் அங்கே கண்ட முகங்களில் தெரிந்தது. ஆனால் குப்பை அந்தப் பாதையோரம் மட்டும் கிடப்பதில்லையே.

பொறுக்கிய மூட்டைகள் என்ன ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். ஈரமும் மணலும் அப்பிய கவரைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வதில்லை. பெட் பாட்டில் கொஞ்சம் தேறியது, மீதி லாரியில் ஏறிக் குப்பைக் கிடங்குக்குப் போனது.

இரண்டாவது, மஞ்சப்பை. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கிய பிறகு, பத்து ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் கோயம்பேட்டில் வந்தது. அதைப் பார்த்து எங்களுக்கும் உற்சாகம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் தைக்கும் கூடத்தில் வாங்கினால் இரண்டு நோக்கமும் நிறைவேறும் என்று நினைத்தோம். முதல் முறை இடைத்தரகர் ஒருவர் அனுப்பியவை துணியே இல்லை. ‘நான்-ஓவன்’ பை, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை அமலானபோது பட்டியலில் இருந்த 14 வகைப் பொருட்களில் அதுவும் ஒன்று. வாங்கும் முன் ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள். பருத்தி என்றால் நூல் உருவி வரும். நான்-ஓவனில் உருவ நூலே இருக்காது, பஞ்சுபோலப் பிய்யும்.

இரண்டாவது முறை தையல் கூடத்துக்கே நேரில் போய் வாங்கினோம். தைத்தவர்கள் கைக்குக் கூலி போனது. அது உதவியே, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் அலுவலகத்தின் கதவும் கழிப்பறையும் கூட்ட அறையும் அப்படியேதான் இருந்தன. அவர்கள் அங்கே, நாங்கள் இங்கே. அதோடு, ஒரு துணிப்பையைப் பலமுறை பயன்படுத்தினால்தான் அதை நெய்யச் செலவான தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நியாயம் கிடைக்கும். வீட்டில் ஏற்கெனவே நாலு பை மடித்து வைத்திருப்பவருக்கு ஐந்தாவது பையால் பிளாஸ்டிக் குறையாது.

இனி கேன்டீன். ஒரு மாடியில் 300 பேர், ஆளுக்கு இரண்டு டீ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 22 வேலைநாளில் 13,200 கப். பேப்பர் கப்தானே என்பார்கள். உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டாவிட்டால் அதில் டீ நிற்காது. அந்தக் கப்பும் தமிழகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. இந்த 13,200-ஐ நிறுத்த ஒருவரும் மணலில் இறங்க வேண்டாம். எவர்சில்வர் டம்ளரும், கழுவுபவருக்குக் கூடுதல் கூலியும், கேன்டீன் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் போதும்.

ஒருநாள் குப்பையை மேசையில் கொட்டிப் பிரித்த அந்த மதியத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஹவுஸ்கீப்பிங் அக்காதான் கற்றுக்கொடுத்தார். “கசக்கிப் பாருங்க. பால் கவர் சத்தம் போடாது, மெத்துன்னு இருக்கும். பிஸ்கட் கவர் சரசரங்கும். முதல்ல சொன்னதைக் கழுவிக் காயவெச்சா கடைக்காரன் வாங்குவான். பிஸ்கட் கவர் தேறாது.” பார்வையற்ற நண்பர் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே கவர்களை ஒவ்வொன்றாகக் கசக்கி இரண்டு கூடைகளில் போட்டார். சிப்ஸ் பாக்கெட்டில் மட்டும் தயங்கி, ஒருமுறை அக்காவிடம் கேட்டார். காயலான் கடைகளில் பிரிப்பவர்கள் தினமும் செய்யும் தொழில்முறை இது, இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வேலையைச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் வரும் தோழி எடைபோட்டுக் கணக்கு எழுதினார். அந்தக் கணக்கை வைத்து நிர்வாகத்திடம் பேசியவரும் அவரே.

அன்று என்னை உறுத்தியது ஒன்று. எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளத்தோடு கூடிய தொண்டு நாள் அவருக்குக் கிடையாது. அனைவரையும் உள்ளடக்கிய பணியிடம் என்று சுவரில் எழுதும்போது அவரும் அந்த ‘அனைவரில்’ இருக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், என்ன வசதி, எந்தெந்தப் பணியிடம் என்று அந்தக் கொள்கையில் விவரமாகச் சொல்ல வேண்டும். கேன்டீன் வேலை நடக்கும் இடம் அலுவலகம் என்பதால், எந்த மேசை உயரம், எந்த வாசல் குறுகல் என்பதெல்லாம் அன்றே கண்ணில் படுகிறது. அடுத்த வாரம் வேலைக்கு வரும்போதும் அந்த மேசையும் வாசலும் அவர்களுக்கு வேண்டும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை. நாற்றமடிக்கும் கூடையின் முன் படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. கேன்டீன்காரர் டம்ளருக்கு ஒத்துக்கொள்ள ஐந்து மாதம் ஆனது.

கடற்கரையை அடியோடு விடச் சொல்லவில்லை. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் இந்தத் தூய்மைப் பணி தொடங்கியபோதே பொறுக்கியதை வகைவாரியாக எண்ணி அட்டையில் குறித்தார்கள். எந்தப் பொருள் எவ்வளவு ஒதுங்குகிறது என்று தெரிந்தால்தானே அதை விற்பவரிடமும் அரசிடமும் கேட்க முடியும்? நாங்கள் சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டையை விட்டுவிட்டோம். எண்ணுவதுதான் முக்கிய வேலை என்று வைத்திருந்தால் அன்று நடைபாதையிலேயே அந்தத் தோழிக்குக் கைநிறைய வேலை இருந்திருக்கும்.

ஆகவே இந்த வருடம் நான் கேட்பது: ஒன்றரை நாள் கேன்டீனுக்கு, அரை நாள் கடற்கரைக்கு. கடற்கரையில் சாக்குகள் நடைபாதைக்கு வரட்டும், அங்கே பிரித்து எண்ணுவோம். விதிகளைச் சைகை மொழியிலும் சொல்ல ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்வோம். அக்காவுக்கும் அவரோடு வேலை செய்பவர்களுக்கும் அந்த இரண்டு நாள் சம்பளத்தோடு வேண்டும். பிரிக்கும் மேசையை ஆர்டர் செய்யும் முன், அடியில் சக்கர நாற்காலி நுழைகிறதா என்று தோழி வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.