லிப்ரே ஆபீஸ் மெனுக்கள்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருள் எப்படி என்று கேட்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டுதான்: வேர்டு ஃபைல் கலையாமல் திறக்கிறதா, எக்செல் ஃபார்முலா ஓடுகிறதா. நாள் முழுக்க அதில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு கட்டளை எந்த மெனுவில் இருக்கும் என்று தேடாமலே ஊகிக்க முடிகிறதா? ஓப்பன் ஆபீஸ் நாட்களிலிருந்து புத்தகப் பக்க அமைப்புக்கு ரைட்டரையும், வரவு செலவுக்குக் கால்க்கையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். 2010இல் அதிலிருந்து லிப்ரே ஆபீஸ் தனியாகப் பிரிந்தபோது நானும் கூடவே வந்துவிட்டேன். இந்தக் கேள்விக்கு என் பதில்: கால்க்கில் பெரும்பாலும் முடிகிறது, ரைட்டரில் பாதிதான்.

பழைய கால்க்கைப் பார்த்தவர்களுக்குத்தான் இன்றைய மெனுவின் அருமை தெரியும். அன்று புது ஷீட் சேர்க்க இன்செர்ட் மெனு. அதே ஷீட்டை நீக்கவோ நகர்த்தவோ எடிட் மெனு. பெயர் மாற்றவோ மறைத்து வைக்கவோ ஃபார்மட் மெனு. வரிசைகளுக்கும் இதே கதைதான்: சேர்ப்பது ஓரிடம், நீக்குவது வேறிடம். வினைச்சொல்லை வைத்து அடுக்கினால் இப்படித்தான் ஆகும். சேர்ப்பது எதுவானாலும் இன்செர்ட், தோற்றத்தை மாற்றுவது எதுவானாலும் ஃபார்மட் என்பது காகிதத்தில் ஒழுங்காகத் தெரியும். ஆனால் வேலை செய்பவர் மனதில் இருப்பது ஷீட். அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் அவருக்கு.

2016 பிப்ரவரியில் வந்த 5.1 பதிப்பு அதைத்தான் செய்தது. கால்க்குக்கு ஷீட் என்று தனி மெனு, ஸ்லைடுகள் தயாரிக்கும் இம்ப்ரெஸ்ஸுக்கு ஸ்லைடு, ரைட்டருக்கு ஸ்டைல்ஸ். ஸ்டைல் என்பது எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெயரில் வைத்திருக்கும் அமைப்பு. ஷீட் மெனுவைத் திறந்தால் வரிசை சேர்ப்பது, நெடுவரிசை நீக்குவது, ஷீட்டின் பெயர் மாற்றுவது எல்லாம் ஒரே பட்டியலில். மேல் வரிசைகளை நகராமல் நிறுத்தும் ஃப்ரீஸ் கட்டளையும் விண்டோ மெனுவிலிருந்து வியூவுக்கு வந்து சேர்ந்தது. முதல் சில வாரங்கள் கை பழைய இடத்துக்கே போனது, எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பழைய அடுக்கே மறந்துவிட்டது. வரிசையின் உயரம் மட்டும் இன்னும் ஃபார்மட்டில் இருக்கிறது. அளவும் தோற்றமும் அங்கே என்று சமாதானம் சொல்லலாம். சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

ரைட்டருக்கு அந்தச் சமாதானம் போதாது. அடிக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பைச் சேர்க்க இன்செர்ட். எண் பக்கத்துக்குப் பக்கம் புதிதாகத் தொடங்க வேண்டுமா, அத்தியாயத்துக்கு அத்தியாயமா என்று தீர்மானிக்க டூல்ஸ் மெனுவில் ஃபுட்நோட் செட்டிங்ஸ். உரைக்கும் குறிப்புக்கும் நடுவே ஓடும் கோட்டின் தடிமனையும் இடைவெளியையும் மாற்ற ஃபார்மட்டில் பேஜ் ஸ்டைலைத் திறந்து ஃபுட்நோட் டேபுக்குப் போக வேண்டும். குறிப்பின் எழுத்தளவைக் குறைக்க எஃப் 11 அழுத்தி, ஃபுட்நோட் என்ற பத்தி ஸ்டைலைத் திருத்த வேண்டும். ஒரே சங்கதிக்கு நாலு இடம்.

இதில் கோடு பேஜ் ஸ்டைலில் இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். முன்னுரைப் பக்கங்களுக்கு ஒரு மாதிரியும் நூலுக்கு ஒரு மாதிரியும் கோடு போட அதுதான் வழி. எழுத்தளவு ஸ்டைலில் இருப்பதும் நியாயம். எண் போடும் முறை டூல்ஸில் இருப்பதற்குத்தான் ஒரு காரணமும் தெரியவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாததையெல்லாம் தூக்கிப் போடும் வீட்டுப் பரண் அந்த மெனு. எழுத்துப்பிழை பார்ப்பது, சொல் எண்ணிக்கை, தலைப்புகளுக்கு எண் போடுவது, வரி எண், மேக்ரோ, ஆப்ஷன்ஸ் எல்லாம் அங்கேதான். தலைப்பு எண் ஸ்டைல்ஸ் மெனுவுக்குப் போயிருக்க வேண்டியது.

பக்க எண் விஷயத்தில் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. முன்பு பக்கத்தின் அடியில் வரும் ஃபுட்டரை ஒரு மெனுவில் உயிர்ப்பித்து, அதற்குள் கர்சரை வைத்து, பிறகு எண்ணைச் சேர்க்க வேண்டும். 2023இல் வந்த 7.6 பதிப்பிலிருந்து இன்செர்ட்டில் பேஜ் நம்பர் என்று கொடுத்தால் மேலேயா கீழேயா, இடமா நடுவா என்று கேட்டு அதுவே ஃபுட்டரையும் போட்டுக்கொள்கிறது. ஆனால் முன்னுரை முடிந்து நூல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமானால், கையால் பக்க முறிவு சேர்க்கும் டயலாக்குக்குத்தான் போக வேண்டும். பக்க எண் என்று தேடுகிறவருக்குப் பக்க முறிவு எப்படித் தோன்றும்?

தமிழில் அமைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரைட்டர் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்ற வகையில் வைத்து, அதற்குத் தனி எழுத்துருவும் தனி அளவும் வைத்திருக்கிறது. ஸ்டைலில் மேலே இருக்கும் எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் மாறும், தமிழ் அசையாது. இந்தத் தனி அமைப்புகள் கண்ணில் படவே, நான் பழகிய பதிப்புகளில், ஆப்ஷன்ஸில் மொழிப் பக்கத்துக்குப் போய் ஒரு டிக் போட்டாக வேண்டும். மங்கலாகவாவது காட்டியிருந்தால் இப்படி ஒன்று இருக்கிறது என்றாவது தெரியும். முழுக்க மறைத்து வைப்பது மெனுக்களின் பழைய நோய். ஆபீஸ் 2000 அதிகம் பயன்படுத்தாத கட்டளைகளைத் தானாகவே ஒளித்துவைத்தது நினைவிருக்கும். நேற்று ஐந்தாவதாக இருந்தது இன்று இரண்டாவதாக இருக்கும். மெனு இடம் மாறாமல் இருந்தால்தான் கை பழகும்.

6.2 பதிப்பிலிருந்து மெனுவுக்குப் பதிலாக வேர்டு பாணியில் பொத்தான்கள் அடுக்கிய டேப் வரிசையும் கிடைக்கிறது. வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய்த் தேர்ந்தெடுக்கலாம். வேர்டு 2007க்குப் பிறகு கணினி பழகியவர்களுக்கு அது வசதி. நான் சில மாதம் வைத்திருந்துவிட்டு மெனுவுக்கே திரும்பினேன். மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர் இருக்கிறது, பக்கத்திலேயே அதன் ஷார்ட்கட்டும் இருக்கிறது. பார்த்துப் பார்த்தே பாதி ஷார்ட்கட்டுகள் மனப்பாடமாகிவிட்டன.

7.2இல் வந்த கட்டளைத் தேடலை மட்டும் எல்லாரும் பழகிக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தி இரண்டு எழுத்து தட்டினால் போதும், கட்டளை வந்துவிடும். அது எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்ற வழியும் கூடவே தெரியும், அடுத்த தடவை நேராகப் போய்விடலாம். ஒரு குறை: மெனுவில் இருப்பதைத்தான் தேடும், டயலாக்குக்குள் இருக்கும் டேபுகளை எட்டிப் பார்க்காது. ஃபுட்நோட் என்று தட்டினால் சேர்ப்பதும் செட்டிங்ஸும் வரும். அந்தக் கோடு வராது, அதற்கு இன்னமும் பேஜ் ஸ்டைலுக்குள்தான் நுழைய வேண்டும்.