ஃபோர்டு வீட்டில் ஒரு கார்வெட்: மஸ்டாங் பிரியர்களின் கண்ணில் சி7 ஸ்டிங்ரே

டெட்ராய்ட் வட்டாரத்தில் ஃபோர்டின் மஸ்டாங் வைத்திருப்பவர் ஒருவர், போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே கார்வெட் வாங்கினால், அவர் ஒரு கார் வாங்கியிருக்கிறார் என்று நண்பர்கள் நினைப்பதில்லை. கட்சி தாவிவிட்டார் என்றே நினைக்கிறார்கள். தாத்தா காலத்திலிருந்து ஃபோர்டு ஆலையிலோ ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலோ சம்பளம் வாங்கிய குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. 2006ஆம் ஆண்டு டியர்பார்னில் உள்ள ஃபோர்டு டிரக் ஆலை, தன் குழுமத்தைச் சேராத கார்களில் வேலைக்கு வருபவர்கள் ஆலையை ஒட்டிய நிறுத்துமிடத்தைப் பயன்படுத்தக் கூடாது, சாலைக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும் என்று விதியே வகுத்தது. இப்படிப்பட்ட ஊரில், என் 2015 மஸ்டாங் ஜிடியை விற்காமலேயே அதன் பக்கத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சி7, அதாவது ஏழாம் தலைமுறை, கார்வெட் ஸ்டிங்ரே ஒன்றையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். மஸ்டாங் வட்டாரத்தில் இந்தக் காரைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய குற்றச்சாட்டுகளில் எவை நிற்கின்றன, எவை வெறும் கட்சி விசுவாசம் என்பதை ஓட்டிப் பார்த்து எழுதும் மதிப்புரை இது.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். மஸ்டாங்கின் பிறவிப் பங்காளி கார்வெட் அல்ல, கமாரோ. 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமாகி விற்பனையில் கொடிகட்டிப் பறந்ததைப் பார்த்த பிறகே ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடலாகக் கமாரோவைக் களமிறக்கியது. கார்வெட்டோ 1953இலேயே மிஷிகனின் ஃபிளின்ட் நகரில் பிறந்துவிட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்; விலையிலும் அது எப்போதும் ஒரு படி மேலேதான் இருந்தது. சி7 வந்தபோது அதன் தொடக்க விலை 52,000 டாலரைத் தொட்டது. அடுத்த ஆண்டு வந்த மஸ்டாங் ஜிடி சுமார் 33,000 டாலருக்குக் கிடைத்தது. ஆகவே கமாரோ வாங்கிய மஸ்டாங்காரரை நண்பர்கள் மன்னிப்பது கடினம். கார்வெட் வாங்கியவரைத் திட்டிக்கொண்டே சாவியைக் கேட்பார்கள். கமாரோவின் உற்பத்தி 2023 இறுதியை ஒட்டி நின்றுபோனதும், இன்னொரு போட்டிக் காரான டாட்ஜ் சேலஞ்சர் ஏறத்தாழ அதே சமயத்தில் விடைபெற்றதும், இந்தப் பகைமையின் சூட்டை மேலும் குறைத்துவிட்டன.

விசுவாசம் பேசுபவர்களுக்கு வரலாறும் அவ்வளவு துணை நிற்கவில்லை. 1963ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஸ்டிங் ரே கார்வெட்டின் வடிவமைப்பில் பெரும்பங்கு வகித்த லாரி ஷினோடா, ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து ஃபோர்டின் தலைமைக்குப் போன பங்கி நட்சனைப் பின்தொடர்ந்து 1968இல் ஃபோர்டுக்கு வந்தவர். மஸ்டாங் பக்தர்கள் கையெடுத்துக் கும்பிடும் பாஸ் 302 மஸ்டாங்கின் பட்டைகளும் பின்புற இறக்கையும் அவர் கைவண்ணம்தான். இன்னும் அண்மைக்கு வந்தால், 2018 மஸ்டாங்கின் பத்து வேகத் தானியங்கி கியர்பாக்ஸ் இரு நிறுவனங்களும் கூட்டாக உருவாக்கிய வடிவமைப்பு. ஷெல்பி ஜிடி350 மஸ்டாங்கின் பெருமையாகப் பேசப்படும் காந்த டாம்பர் தொழில்நுட்பம் (காந்தப்புலத்தால் அதிர்வுதாங்கியின் இறுக்கத்தை மாற்றுவது), ஜெனரல் மோட்டார்ஸின் பாகத் தயாரிப்புப் பிரிவாக இருந்த டெல்ஃபியில் உருவாகி, 2002இல் காடிலாக் ஒன்றில் முதலில் வந்தது. எதிரியின் பொருளுக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி காருக்கு வருவோம். மஸ்டாங்காரர்களின் முதல் கேலி என்ஜினைப் பற்றியது. சி7இன் 6.2 லிட்டர் எல்டி1 வி8 என்ஜினில் ஒரே ஒரு கேம் ஷாஃப்ட் பிளாக்கின் நடுவில் அமர்ந்து, தள்ளுதண்டுகள் வழியாகச் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளை இயக்குகிறது. மஸ்டாங் ஜிடியில் உள்ள ஃபோர்டின் 5.0 லிட்டர் கயோட்டி என்ஜினில் நான்கு கேம் ஷாஃப்ட்கள், 32 வால்வுகள். "லாரி என்ஜின்" என்று எல்டி1ஐ இளக்காரமாகச் சொல்வது எங்கள் கூட்டத்தில் வழக்கம். கொள்ளளவு அதிகமாக இருந்தும் வெளி அளவில் எல்டி1 சிறியது, உயரம் குறைந்தது என்பதையும், கார்வெட்டின் பானெட் அத்தனை தாழ்வாக இருப்பதற்கு அதுவே ஒரு காரணம் என்பதையும் கேலி செய்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. காகிதத்தில் கார்வெட்டின் 455 குதிரைத்திறனும் ஜிடியின் 435 குதிரைத்திறனும் அருகருகே தெரிகின்றன. சாலையில் வித்தியாசம் முறுக்குவிசையில் இருக்கிறது. கார்வெட்டின் 624 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் பெரும்பகுதி கீழ்ச்சுற்றுகளிலேயே கைக்கு வந்துவிடுவதால், மூன்றாவது கியரில் சோம்பலாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தாலும் கார் எழுந்து பாய்கிறது. ஜிடியில் அதே பாய்ச்சலுக்கு ஒரு கியர் இறக்க வேண்டும்.

ஆனால் இங்கே மஸ்டாங்காரர்கள் சொல்லும் ஒரு குறை முற்றிலும் நியாயமானது. கயோட்டி நிமிடத்துக்கு 7,000 சுற்றுகள் வரை ஏற ஏறக் குரல் மாறி, கடைசி ஆயிரம் சுற்றுகளில்தான் உயிர் பெறுகிறது. எல்டி1 6,600ஐ எட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறது. வேகத்தில் கார்வெட் முந்துகிறது, என்ஜினைப் பிழிந்து ஓட்டும் இன்பத்தில் மஸ்டாங் முந்துகிறது. 8,250 சுற்றுகள் ஏறும் ஜிடி350ஐ ஓட்டிப் பழகியவர் கார்வெட்டில் அமர்ந்தால் என்ஜின் சற்று மந்தமாக இருப்பதாகவே உணர்வார்; அந்தக் கருத்தை வெறும் விசுவாசம் என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது கேலி, பட்டை வில். கார்வெட்டில் சுருள் வில்களுக்குப் பதிலாக, முன்னும் பின்னும் குறுக்காகக் கிடக்கும் ஒற்றைப் பட்டை வில் எடையைத் தாங்குகிறது. மாட்டு வண்டித் தொழில்நுட்பம் என்பதே எங்கள் பக்கத்துத் தீர்ப்பு. அந்த வில் இரும்பல்ல, எடை குறைந்த இழைக் கலவை என்பது ஒருபுறம் இருக்கட்டும். கார்வெட்டுக்கு 1963இலேயே பின்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. எஸ்விடி கோப்ரா போன்ற விதிவிலக்குகளைத் தவிர்த்தால், மஸ்டாங் 2014 மாடல் வரை இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே திட அச்சில் கோத்துத்தான் ஓடியது. மாட்டு வண்டி என்ற சொல்லை நாம் எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வளைவுகளில் இரண்டு கார்களும் வேறு வேறு இனம். அலுமினியச் சட்டகம், கார்பன் இழையால் ஆன பானெட்டும் கூரையும், என்ஜினை முன்னும் கியர்பாக்ஸைப் பின்னும் வைத்து எடையை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்திருக்கும் அமைப்பு ஆகியவற்றால், சுமார் ஒன்றரை டன் எடையுள்ள கார்வெட், அதைவிட 150 கிலோவுக்கும் மேல் கனமான ஜிடியைக் காட்டிலும் திருப்பத்துக்குள் விரைந்து நுழைகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் உடல் சாய்ந்து நிலைகொள்ளும்வரை காத்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியே இதில் இல்லை. காந்த டாம்பர் பொருத்திய கார் என்பதால், மிஷிகனின் குளிர்காலம் குதறிப்போட்ட சாலைகளில் கூட முதுகு பிழைக்கிறது. உட்காரும் இடம் ஏறத்தாழப் பின்சக்கரங்களுக்கு முன்னாலேயே இருப்பதால் காரின் பின்பகுதி நழுவத் தொடங்குவது இடுப்பிலேயே தெரிகிறது. மஸ்டாங்கில் நீண்ட மூக்கை உயரத்திலிருந்து பார்த்து ஓட்டிய பழக்கம் மாறச் சிறிது காலம் பிடித்தது.

கியர்பாக்ஸில்தான் என் மனம் இன்னும் சமாதானமாகவில்லை. ஏழு வேக மேனுவலில் ஐந்தாவதும் ஏழாவதும் பக்கத்துப் பக்கத்துப் பாதைகளில் இருப்பதால், அவசரத்தில் எது விழுந்தது என்று ஒரு கணம் சந்தேகம் எழுகிறது. அதைவிட எரிச்சலூட்டுவது, மெதுவாக முடுக்கும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தால் அந்த வழியை அடைத்து நான்காவதுக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு. எரிபொருள் சிக்கனச் சோதனையின் கணக்குக்காக ஜெனரல் மோட்டார்ஸ் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் இந்த வேலையை முடக்க ஒரு சிறு மின்செருகி வெளிச்சந்தையில் கிடைக்கிறது. கார் வாங்கியவர்களில் பலர் முதலில் வாங்கிப் போடும் பொருளும் அதுவாகத்தான் இருக்கிறது. மறுபுறம், கியர் இறக்கும்போது என்ஜின் சுற்றைத் தானாகவே பொருத்தித் தரும் வசதி இந்தக் காரில் அருமையாக வேலை செய்கிறது. மேனுவல் காரின் ஸ்டீயரிங்கில் துடுப்புகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை அதுதான்: குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி ஓட்டும் வித்தையை நாமே செய்துகொள்ள விரும்பினால், அந்தத் துடுப்பை ஒரு முறை இழுத்து வசதியை அணைத்துவிடலாம். மஸ்டாங் ஜிடிக்கு இந்த வசதி 2019 மாடலில்தான் வந்தது. நெடுஞ்சாலையில் ஏழாவது கியரில் என்ஜின் அரைத்தூக்கத்தில் சுற்றுகிறது. அரசு மதிப்பீட்டின்படி நெடுஞ்சாலையில் கார்வெட் லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தரும். சிறிய என்ஜின் கொண்ட ஜிடி பத்தரையைத்தான் தாண்டுகிறது. இதை நண்பர்களிடம் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

உள்ளே வந்தால், நடுப்பலகை முழுவதும் ஓட்டுநரை நோக்கித் திரும்பியிருக்கிறது. பக்கத்தில் அமர்பவருக்கு ஒரு கைப்பிடிச் சுவர்தான் மிச்சம். தொடுதிரை ஒரு பொத்தானை அழுத்தினால் கீழே இறங்கி, பின்னால் உள்ள சிறு அறையைக் காட்டுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் மறுபடியும் இறக்கிக் காட்டச் சொல்லும் இடம் அது. கதவுகள் மின்பொத்தானால் திறப்பவை. பேட்டரி உயிர்விட்டால் இருக்கைக்குப் பக்கத்தில் தரையோரம் உள்ள நெம்புகோலைத் தேடி இழுக்க வேண்டும் என்பதை உடன் வருபவருக்கும் சொல்லி வைப்பது நல்லது. மஸ்டாங்கின் பின்இருக்கையைப் பெரியவர்கள் உட்கார முடியாத இருக்கை என்று கார்வெட்காரர்கள் பரிகசிப்பார்கள். பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்து வர வேண்டியவருக்கு அந்த இருக்கையின் அருமை தெரியும். கார்வெட்டில் அது கிடையவே கிடையாது. பதிலுக்குப் பின்புறக் கண்ணாடிக் கதவின் கீழ் மஸ்டாங்கின் டிக்கியைவிடப் பெரிய இடம் இருக்கிறது. கூரையைக் கழற்றினால் அதை வைக்க வேண்டியதும் அங்கேதான் என்பதால், கூரை வெளியே இருக்கும் நாளில் பெரிய பெட்டிக்கு இடமில்லை. வீட்டு வாசல் சரிவில் முன்புற ரப்பர் உதடு தரையில் உரசும் ஓசையும் இந்தக் காருடன் சேர்ந்தே வருவதுதான். அது வளைந்து கொடுக்கவென்றே செய்த பாகம். இருந்தாலும் அக்கம்பக்கத்தார் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

தோற்றத்தைப் பற்றிய சண்டையில் மஸ்டாங்காரர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டுமே. 1961 முதல் வட்டமான பின்விளக்குகளுக்குப் பழகிய கார்வெட் ரசிகர்கள், சி7இல் அவை கோணலான சதுரங்களாக மாறியதும், கமாரோவின் பின்புறத்தை ஒட்ட வைத்துவிட்டார்கள் என்று கொதித்தார்கள். எனக்கும் அந்தப் பின்புறம் பிடிக்கவில்லை. மனிதர்களைப் பற்றிய கேலி இரு பக்கமும் சமம்: கார்வெட் என்றால் ஓய்வூதியம் வாங்குபவரின் கார், மஸ்டாங் என்றால் கார் சந்திப்பிலிருந்து கிளம்பும்போது கூட்டத்தின் பக்கம் சறுக்கிப் போகும் கார். எதிரே வரும் கார்வெட்காரர் கையசைத்தால் பதிலுக்கு அசைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். முதலில் கூச்சமாக இருந்தது. மஸ்டாங்கில் யாரும் யாருக்கும் அப்படிச் செய்வதில்லை. ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற கார் ஊர்வலத்துக்கு மட்டும் நான் மஸ்டாங்கைத்தான் எடுத்துப் போகிறேன். ஃபெர்ன்டேலில் மஸ்டாங்குகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்கு மறு கட்சிக் காரில் போய் நிற்பது எனக்கே ஒப்பவில்லை.

கார்வெட்டை வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மீண்டும் மஸ்டாங்குக்கே திரும்பியவர்களும் உண்டு. கார் மோசம் என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பின்இருக்கை, பனிக்காலம், காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் ரன் ஃப்ளாட் டயரின் விலை ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கோடைக்கால டயர் கடுங்குளிரில் கெட்டித்துப் பிடிப்பை இழக்கும், உறைநிலைக்கு வெகு கீழே விரிசலும் விடக்கூடும்; ஸ்டெப்னியும் கிடையாது. ஒரே காரை வைத்து ஆண்டு முழுவதும் சமாளிக்க வேண்டியவருக்கு சி7 சரிப்படாது. மஸ்டாங்கைப் பனிக்கால டயருடன் ஓட்டிவிடலாம். 2020இல் வந்த சி8 கார்வெட்டோ என்ஜினை நடுவுக்கு நகர்த்தி மேனுவல் கியரையே கைவிட்டுவிட்டது. அதனால் மூன்று பெடல்களை விரும்பும் மஸ்டாங்காரர் எட்டிப் பார்க்கத் தகுந்த கடைசி கார்வெட் இந்த சி7தான் என்பது என் கருத்து.

வாங்குவதாக இருந்தால் இசட்51 தொகுப்புடன் உள்ள மேனுவல் காரையே தேடுங்கள். உலர் எண்ணெய்த் தொட்டி, மின்னணு டிஃபரென்ஷியல், பெரிய பிரேக் எல்லாம் அதில்தான் வருகின்றன. தானியங்கிதான் வேண்டும் என்றால், 2015 முதல் வந்த எட்டு வேக கியர்பாக்ஸ் மிதமான வேகத்தில் அதிர்வதாகப் பரவலான புகார் எழுந்து வழக்கு வரை போனது என்பதால், கியர் எண்ணெயைப் புதிய வகைக்கு மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். சக்கர விளிம்புகளில் விரிசல் விடுவதாகவும் இந்தத் தலைமுறைக் கார்கள்மீது வழக்கு நடந்திருப்பதால், பணம் கொடுக்கும் முன் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.