பஸ் கஃபேயை நம்பிப் போனோம், 3,600 ரூபாய் போச்சு

கிருஷ்ணகிரி பக்கம் குடும்பத்தோடு ஒருநாள் போய்வரலாம் என்று இருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது.

அணைக்குப் போகும் வழியில் மாந்தோப்புக்குள் ஒரு பழைய பஸ்ஸை நிறுத்தி, உள்ளே மேசை போட்டு நடத்தும் கஃபே. பெயர் வேண்டாம். கண்டக்டர் பையிலிருந்து டிக்கெட் கிழித்துத் தருகிற மாதிரி வீடியோ எல்லோர் போனிலும் ஓடுகிறது. தலைக்கு 600, ஆறு பேருக்கு 3,600. பஸ்ஸுக்குள் இடம், களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், போகும்போது தோப்பில் நாமே மாங்காய் பறித்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் பணமும் முன்கூட்டியே.

போனில் பேசிய பையனிடம், அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். "அக்கா, அம்மாவுக்கு மட்டும் பன்னிரண்டரைக்கே எலை போட்டுடறேன். காரம் கம்மியா வெக்கச் சொல்றேன். கவலைப்படாம வாங்க" என்றான். பெற்ற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டானே என்று அந்த நிமிடமே 3,600 அனுப்பினேன். அனுப்பியது கடை போர்டில் இருக்கும் அதே நம்பருக்கு.

தருமபுரியிலிருந்து கிளம்பினோம். காவேரிப்பட்டணத்தில் பிள்ளைகள் நிப்பட்டு கேட்டார்கள். வயிற்றைக் காலியாக வையுங்கள், அங்கே போய்ச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

போனால், பெங்களூரிலிருந்து வந்த கம்பெனிக் கூட்டம் ஒன்று பஸ்ஸை மொத்தமாகப் பிடித்திருக்கிறது. கல்லாவில் இருந்தவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பேக்கேஜ் நம்பர், எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். அவர் தலைக்கு மேலேயே அந்த நம்பர் எழுதியிருக்கிறது! காட்டினேன். "ஓனர் வந்தாத்தாங்க" என்றார். ஓனர் வரவே இல்லை.

ஒன்றரை மணி ஆனது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கையில் கிடைத்த மாம்பழ ஜூஸை வாங்கிக் கொடுத்தேன். சுற்றி அத்தனை மாமரம், ஜூஸ் மட்டும் பாட்டிலிலிருந்து ஊற்றியது. அதற்கும் தனி பில், பில்லில் சர்வீஸ் சார்ஜ் வேறு! அப்படித் தானாகப் போடக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. யாரிடம் சொல்ல? கடைசியில் அணைக்கட்டுப் பக்கம் மீன் வறுக்கிற கடையில்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் தினம் ஒரு கதை. ரீஃபண்ட் பாலிசியில் இல்லையாம், கிரெடிட் தருவார்களாம், முப்பது நாளுக்குள் திரும்பப் போய்ச் சாப்பிட வேண்டுமாம். அப்புறம் அக்கவுண்டன்ட் லீவு. அப்புறம் "செவ்வாய்க்கிழமை போட்டுடறோம்." அந்தப் பையனோ, "நான் வேலைய விட்டு நின்னுட்டேங்க்கா" என்று ஒரே வரி. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அவர்களுடைய ஆன்லைன் பக்கத்தில் நான் போட்ட கமெண்ட்டை அழித்துவிட்டு, அன்றைக்கே புது வீடியோ போட்டிருக்கிறார்கள். 3,600 ரூபாய் எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. முழுப் பணமும் முன்னாடியே கேட்டால் கட்டாதீர்கள். தேதி, ஆள் கணக்கு, ரத்தானால் பணம் எப்போது வரும், எல்லாம் மெசேஜில் வாங்குங்கள். எதையும் அழிக்காதீர்கள். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். கடையே இல்லாத போலிப் பக்கம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

நான் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அந்த 3,600 வரும்வரை விடப்போவதில்லை.