கோ-3 புல்லுத்தண்டு: கச்சான் காற்றைத் தாங்குமா?

கோ-3 மாட்டுத் தீவனப்புல், கச்சான் மட்டக்களப்பில் கோடையில் வீசும் வறண்ட காற்று. கிணறும் பம்பியும் உள்ளவர் இந்தப் புல்லின் நடுதண்டை வாங்கலாம். மழையை மட்டும் நம்பியிருப்பவருக்குக் கினிப்புல்லே போதும். மாரியில் ஆளுயரம் வளர்கிறதே என்று மயங்கித் தண்டுக்கட்டு வாங்குகிறவர்கள்தான் ஆடி மாதத்தில் கையைப் பிசைகிறார்கள்.

இது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கம்பையும் யானைப்புல்லையும் கலந்து எடுத்த ஒட்டுப்புல். முளைக்கும் விதை தராது. ஆகவே ‘கோ-3 விதை’ என்று பைக்கற்றில் யாராவது விற்றால் அது வேறு ஏதோ.

தண்டு ஏறக்குறைய மூன்று மாதம் முற்றியதாக, மூன்று கணுவோடு, கண் அடிபடாமல் இருக்க வேண்டும். இளநுனியைச் சேர்த்துக் கட்டிய கட்டில் பாதி அழுகிப்போகும். இரண்டு கணு மண்ணுக்குள், கண் மேல்நோக்கி, சாய்த்து நடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி என்றால் 20 பேர்ச்சுக்குச் சுமார் 600 தண்டு. முதல் வெட்டு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நாளுக்கு 13 தூர் வெட்டலாம். தூருக்கு இரண்டரைக் கிலோ தேறினால் 300 கிலோ எடையுள்ள ஒரு மாட்டுக்குச் சரி. இந்தக் கணக்கு தண்ணீர் உள்ள வரைக்கும்தான்.

மட்டக்களப்பில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. முதல் மழையோடு நட்டால் கச்சான் வீசுமுன் வேர் ஆழம் போகும். மாசியில் நட்டது நிற்காது. எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கம்) மணலில் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் என்ற கைநூல் கணக்கும் செல்லாது. கிழமைக்கு இரண்டு தரம் வேண்டும், தூரடியில் வைக்கோல் மூடாக்கும் வேண்டும்.

மண் காய்ந்ததும் முதலில் நிற்பது இலை நீள்வது. ஒளிச்சேர்க்கை குறைவது அதற்குப் பிறகு. அதனால் புல் பச்சையாகவே தெரியும், வெட்டித் தராசில் வைத்தால்தான் குட்டு உடையும். அடியிலைகள் சருகாகித் தண்டு மட்டும் மிஞ்சும், மாடு மென்றுவிட்டுத் துப்பும். விளைச்சல் குறைகிறதென்று அப்போது யூரியா எறிவது வீண்காசு: தழைச்சத்து நீரில் கரைந்துதான் வேருக்குள் போகும், நீர் இல்லாவிட்டால் மேலேயே ஆவியாகிப்போகும். அந்த நேரம் அடியோடு ஒட்ட அறுப்பது அதைவிடப் பெரிய பிழை. மறுபடி துளிர்க்கும் சேமிப்பு அடித்தண்டில்தான் இருக்கிறது. அரை அடி விட்டு வெட்டுங்கள்.

வரட்சி முறிந்து மழை விழுந்ததும் ஒரு கண்டம் உண்டு. பசளை போட்ட நிலமென்றால் தண்டின் கீழ்ப்பகுதியில் நைத்திரேற்று தேங்கியிருக்கும். பசித்த மாட்டுக்கு அந்தப் புல்லை மட்டும் வயிறு நிறையக் கொடுத்தால் மூச்சுத் திணறிச் சாகவும்கூடும். ஒன்றிரண்டு கிழமை பொறுத்து, உயர்த்தி வெட்டி, வைக்கோலோடு கலந்து கொடுங்கள்.

தை, மாசியில் மிஞ்சுவதை அரைநாள் வாடவிட்டு, ஓர் அங்குலமாக நறுக்கி, 100 கிலோவுக்கு 2 கிலோ மொலாசஸ் தெளித்து, பிளாஸ்டிக் பரலில் காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் ஒரு மாதத்தில் ஊறுபுல் (சைலேஜ்) ஆகிவிடும். கோடைக்கு அதுதான் கைகொடுக்கும். மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல்தரைப் பக்கம் நூற்றுக்கணக்கான மாடுகளைப் பட்டியாக வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தண்டுக்கட்டால் ஒன்றும் ஆகாது. இது கொட்டிலில் கட்டிக் கறக்கிற இரண்டு மூன்று மாட்டுக்கான சரக்கு.