ஷோகன் 2: கியோட்டோவில் காலை வைத்ததும் எல்லோரும் எதிரி

‘டோட்டல் வார்’ என்ற போர் உத்தி கேம் வரிசையில் 2011இல் வந்த கேம் இது. 1545இன் ஜப்பான். அஷிகாகா குலத்து ஷோகன் (பேரரசரின் பெயரில் ஆளும் படைத்தலைவர்) தலைநகர் கியோட்டோவில் பெயருக்கு உட்கார்ந்திருக்கிறார். நிலமும் படையும் டைம்யோக்கள் எனும் குறுநிலத் தலைவர்கள் கையில். ஒரு குலத்தை எடுத்து, உங்களுக்கென ஒரு ஷோகன் ஆட்சியை நிறுவ வேண்டும். குறுகிய ஆட்டம் என்றால் 1575க்குள் கியோட்டோவோடு சேர்த்து 25 மாகாணங்கள்.

ஆடியவர்கள் அதிகம் திட்டுவது ‘ரெல்ம் டிவைட்’ (நாடு பிளவுபடுதல்) கட்டத்தைத்தான். புகழ் அளவுகோல் நிரம்பினாலோ, கியோட்டோவைப் பிடித்தாலோ அது தொடங்கிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் உறவு சரியும், பழைய கூட்டாளிகூடப் போர் அறிவிப்பார். பலர் கவிழ்வது போர்க்களத்தில் அல்ல, கணக்கில்: வணிக ஒப்பந்தங்கள் அறுந்ததும் படைச் செலவுக்குக் காசு இருக்காது. அளவுகோல் நிரம்புவதற்கு முன்பே நின்று, நிதித் திரையில் வணிக வருமானத்தைக் கழித்துப் பாருங்கள். மீதி மைனஸில் போனால் வயல்களை மேம்படுத்துங்கள். கோட்டையையும் சந்தையையும் கண்மூடித்தனமாக உயர்த்தினால் உணவு பற்றாமல் கலகம் வெடிக்கும்.

பணத்தைக் ‘கொகு’ என்கிறது கேம். அது உண்மையில் நெல்லரிசி அளவு, சுமார் 180 லிட்டர். ஒரு டைம்யோவின் செல்வாக்கை அதை வைத்துத்தான் எடைபோட்டார்கள்.

ரெல்ம் டிவைட் வெறும் கற்பனை அல்ல. ஓடா நொபுனாகா என்ற டைம்யோ 1568இல் கியோட்டோவுக்குள் நுழைந்த இரண்டே ஆண்டுகளில் அசாய், அசாகுரா குலங்கள், ஹொங்கான்ஜி பௌத்த மடம் என்று வரிசையாக எதிர்த்து நின்றார்கள். ஆனால் அவருடைய கூட்டாளியான தொகுகவா இயேயாசு 1582இல் நொபுனாகா சாகும்வரை கூடவே இருந்தார். அப்படியொரு கூட்டாளி கேமில் கிடைப்பது அரிது. இதுதான் பெரிய குறை.

அடுத்த குறை, தலைநகரைப் பிடித்தவனே ஷோகன் என்ற கணக்கு. 1573இல் கடைசி அஷிகாகா ஷோகனை விரட்டிய நொபுனாகா கடைசிவரை ஷோகன் ஆகவில்லை. அவருக்குப் பின் அதிகாரத்தைப் பிடித்த ஹிதேயோஷி 1585இல் வாங்கியது கம்பாகு (பேரரசரின் தலைமை ஆலோசகர்) பதவி. இயேயாசுவுக்கு 1603இல் பேரரசர் ஷோகன் பட்டம் தந்த பிறகுதான் தொகுகவா குலத்தின் எடோ ஆட்சி முறைப்படி தொடங்கியது. பட்டம் தரும் அந்தப் பேரரசரின் அவை கேமில் இருப்பதாகவே தெரியவில்லை.

முதல்முறை ஆடுபவர்களுக்கு ஷிமாசு அல்லது சோசோகாபே குலம். முதுகுப்பக்கம் கடல், காவலுக்குப் பாதிப் படை போதும். அரசியல்தான் வேண்டும் என்றால் 2012இல் வந்த ‘ஃபால் ஆஃப் த சாமுராய்’ பக்கம் போங்கள். அதில் பேரரசர், ஷோகன் இருவரையும் உதறிக் குடியரசு அறிவிக்கலாம். இரண்டு தரப்பும் சேர்ந்து உங்கள் மேல் பாயும்.